பள்ளிக்கூடத் திருப்பணி முடிஞ்சிருச்சு: உறுப்பினர்களுக்குக் குழு சொல்ற கணக்கு

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம். ஒரு வழியா நம்ம பள்ளிக்கூட வேலை முடிஞ்சு போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சி பிள்ளைகளை உள்ள விட்டாச்சு. சிங்கப்பூர், மலேசியா, சென்னை, கோயம்புத்தூர்னு வெளியூர்ல இருக்கிறவக "என்னதான்யா நடக்குது அங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீக, நாங்க துண்டு துண்டா போட்டோ அனுப்பினதோட சரி, ஒழுங்கா ஒரு தடவை கூட பதில் சொல்லலை, அதுக்கு மன்னிச்சுக்கங்க. இப்ப மொத்தமா சொல்லிடுறேன்.

மொதல்ல ஒரு சின்ன விஷயம். கோயிலுக்குத்தானே திருப்பணின்னு சொல்வாக, பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாத்துறதுக்கெல்லாம் எதுக்கு இந்தப் பேருன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீக. நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துல கடைக் கணக்குல தர்மத்துக்கு மகமைன்னு தனியா எழுதி வச்ச காசுலதான் கோயிலும் நடந்துச்சு, சத்திரமும் நடந்துச்சு, பள்ளிக்கூடமும் வந்துச்சு, ஒரே கணக்குதான். அதனால பேரை மாத்தலை.

பணத்தைப் பத்தி சுருக்கமா. வரவு செலவு முழுசும் ஆபீஸ் ரூம் வாசல்ல ஒட்டியிருக்கு, பில்லு எல்லாம் ஃபைல்ல இருக்கு, யார் வேணும்னாலும் வந்து புரட்டிப் பாக்கலாம். பாதிக்கு மேல கூரைக்கே போச்சு. நாட்டு ஓடு எடுத்து, உளுத்துப்போன பனங்கட்டைய மாத்தி, திரும்ப வேய்ஞ்சது. தேக்கு உத்தரம் ஒண்ணு கூட கெட்டுப் போகலை, அந்தக் காலத்து பர்மா தேக்கு, ஆசாரி தட்டிப் பாத்துட்டு "இதுக்கு நான் எதுவும் செய்ய வேணாம்"னுட்டாரு. கூரை கதை அவ்வளவுதான்.

சுவரு கதைதான் பெருசு. கிழக்குப் பக்கம் மூணு வகுப்பறையில சுவரு எப்பவும் ஈரம், உப்புப் பூத்து உதிரும், பிள்ளைக சாஞ்சு உக்காந்தா சட்டையெல்லாம் வெள்ளை. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ரிப்பேர் பண்ணியிருக்கோம், ரெண்டு தடவையும் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துட்டு சிமெண்ட் பூசி, மேல எமல்ஷன் அடிச்சோம். அப்ப இருந்த குழுவுல நானும் இருந்தேன், அதனால யாரையும் குத்தம் சொல்றதுக்கில்லை. சுண்ணாம்புச் சுவரு உள்ள ஏறுற ஈரத்தை வெளிய விட்டுரும், சிமெண்ட் அதை மூடி வச்சுக்கும், ஈரம் மேல மேல ஏறி எங்க பூச்சு முடியுதோ அங்க வந்து உப்பாக் கக்கும். நாங்க என்ன பண்ணோம், உப்பு தெரியுற இடத்துக்கு இன்னும் ஒரு அடி மேல வரைக்கும் சிமெண்ட் பூசினோம்.

சரி இந்தத் தடவை சிமெண்ட்டை எடுத்துடலாம்னு முடிவு பண்ணியாச்சு, ஆனா ஈரம் எங்கேருந்து வருதுன்னு வந்து பாத்த யாருக்கும் பிடிபடலை. ஒருத்தரு அஸ்திவாரம்னாரு, இன்னொருத்தரு போர்வெல் போட்டதுதான் காரணம்னாரு. கண்டுபிடிச்சது நம்ம ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக. நான் மிகைப்படுத்திச் சொல்லலை, உண்மையிலேயே அவுகதான்.

சமூக அறிவியல் டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை குடுத்திருந்தாக: நம்ம ஊருணிக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு நடந்து பாத்து வரைஞ்சுட்டு வாங்கன்னு. நம்ம வீடுக எல்லாம் எப்படி, நாலு பக்கத்துக் கூரையும் வளவுப் பக்கமாச் சரிஞ்சிருக்கும், மழைத் தண்ணி முற்றத்துல விழுந்து, மூலையில இருக்கிற தூம்பு வழியா வெளிய போயி, தெருக் கால்வாய்ல சேந்து, கடைசியா ஊருணிக்குப் போகும், மழை கம்மியா பெய்யுற நம்ம சீமையில ஒரு சொட்டும் வீணாகக் கூடாதுன்னு மொத்த ஊரையுமே அப்படி வாட்டம் பாத்துக் கட்டியிருக்காக. பள்ளிக்கூடமும் வீடு மாதிரியே முற்றம் வச்சுக் கட்டினதுதான். பிள்ளைக வீடு வீடா தூம்பு எங்க இருக்குன்னு குறிச்சுட்டு வந்து, கடைசியா பள்ளிக்கூட முற்றத்துத் தூம்புல ஒரு வாளித் தண்ணியில சொட்டு நீலம் கலந்து ஊத்திட்டு, ரெண்டு பேர் தெருக் கால்வாய்ல போயி உக்காந்துட்டாக. நீலத் தண்ணி வரவே இல்லை. இன்னொரு வாளி. அதுவும் வரலை. ஹெச்.எம். எனக்குப் போன் பண்ணி "தோண்டிப் பாத்துரலாமா"ன்னாக. தோண்டினா, பின்னாடி கழிப்பறை கட்டினப்ப தரைக்குக் கான்கிரீட் போட்டவக பழைய செங்கல் கால்வாயைக் குறுக்கால அடைச்சுப் போட்டிருக்காக. முற்றத்துல விழுந்த மழை அத்தனையும் இத்தனை வருஷமா கிழக்குச் சுவரு அடியிலயே நின்னிருக்கு.

கால்வாயைத் திறந்து விட்டு, சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்க சுவரை அப்படியே வெறுமனே காயப் போட்டோம். அப்பதான் "வேலை நின்னு போச்சா"ன்னு குரூப்ல சத்தம். நிக்கலை, சுவரு காஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

பூச்சுக்கு தேவகோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு வயசான கொத்தனார் வந்தாரு. சுண்ணாம்பை ஊறப் போட்டு, கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டித் தண்ணியும் சேத்து அரைச்சு, அடுக்கு அடுக்கா பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. கூடை கூடையா முட்டை வந்து இறங்கினதைப் பாத்துட்டு ஆறாங் கிளாஸ் பயலுக "சார் இது சத்துணவு முட்டையா"ன்னு கேட்டு ஒரு வாரம் அதே சிரிப்பு. கண்ணாடி மாதிரி மின்னுற அந்த முட்டைப் பூச்சு நடு ஹால்ல ஒரு சுவருக்கு மட்டும்தான், மத்த இடமெல்லாம் சாதா சுண்ணாம்புதான் அடிச்சோம், செலவு தாங்காது. எல்லா ரூமுக்கும் பண்ணியிருக்கலாம்னு சொல்றவக இருக்கீக, அந்தக் காசுக்கு ரெண்டு வகுப்பறைக்கு பெஞ்சு வாங்கினோம், எனக்கு அதுல வருத்தமில்லை.

தரைக்குப் பூக்கல், அதான் பூப்போட்ட தரை ஓடு, ஆத்தங்குடியில இருந்து வந்துச்சு. பழைய பூ டிசைனுக்கு அச்சு யார்கிட்டயும் இல்லை, உடைஞ்ச கல்லு ஒண்ணைக் கொண்டு போயி காட்டி புதுசா அச்சு அடிக்கச் சொன்னோம். ஏழாம் வகுப்பைக் கூட்டிட்டுப் போயிருந்தோம். கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் சிமெண்ட்டைக் கரண்டியால கட்டம் கட்டமா ஊத்தி, அச்சை ஆடாம தூக்கி, மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊறப் போட்டு, அப்புறம் காஞ்சதும் கண்ணாடி தானா கழண்டு வரும், அந்தப் பளபளப்பு கண்ணாடி குடுத்ததுதான். ஒரு பொண்ணு அச்சைத் தூக்குறப்ப கை ஆடி பூ கோணலாப் போச்சு, அழுதுருச்சு. அந்தக் கல்லை ஹால் வாசப்படிக்கு நேரா பதிச்சிருக்கோம், வர்றவக தேடிப் பாருங்க.

இப்ப போர்டுக்கு வர்றேன், இதுலதான் குழுவுக்குள்ள சண்டையே வந்துச்சு.

பின்கட்டு சாமான் ரூமைக் காலி பண்ணப்ப ஒரு பெரிய மரப்பலகை, மேல நாலு கோட் பெயிண்ட். சுரண்டிப் பாத்தா பள்ளி முதல் மாணவர் பட்டியல், வருஷமும் பேரும். 1978ல பிளஸ் டூ வந்து பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போச்சுல்ல, அதோட பட்டியலும் நின்னுருக்கு. அதுக்கப்புறம் யாரும் எழுதலை. இதைத் திரும்ப எழுதி ஹால்ல மாட்டிரணும்னு எல்லாருக்கும் ஒரே மனசு. யார் பேரை எழுதுறதுங்கிறதுல ஆளுக்கு ஒரு மனசு.

நன்கொடை குடுத்தவக பேரும் அதுலயே வரட்டும்னு ஒரு கட்சி. நாங்க ஒத்துக்கலை, நன்கொடையாளர் பேரு வாசல் பக்கம் தனிக் கல்லுல இருக்கு, எழுத்து சின்னதுன்னு சொல்றது உண்மைதான். ரெண்டாவது, மார்க் எடுத்தவக மட்டும்தான் சாதனையாளரான்னு டீச்சர்மார் கேட்டாக. இந்த வருஷம் எட்டாம் வகுப்புல ரெண்டு பிள்ளைக மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சை என்.எம்.எம்.எஸ். பாஸ் பண்ணியிருக்கு, ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் மாசம் 1000 ரூபாய் வரும், அதுல ஒரு பையனோட அம்மா சித்தாள் வேலைக்குப் போறவக, நம்ம சுவருக்கே வேலை பாத்தவக. கலைத் திருவிழாவுல பறை அடிச்சு ஜெயிச்ச பயலுக இருக்காக. அப்புறம் அந்த நீலத் தண்ணி ஊத்தின பிள்ளைக. "தூம்பு கண்டுபிடிச்சதையெல்லாம் போர்டுல எழுதினா ஊரு சிரிக்கும்"னு குழுவுல ஒரு பெரியவர் சொன்னாரு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் குடுத்ததாலதான் காரைக்குடிக்கு சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டினாரு, அவரு அதை மார்க் போர்டுக்காகவா குடுத்தாரு, பிள்ளைக தேடிக் கண்டுபிடிக்கணும்னுதானேன்னு நான் கொஞ்சம் சூடாத்தான் கேட்டேன். பெரியவருகிட்ட அப்புறம் போயி மன்னிப்புக் கேட்டுட்டேன். ஆனா பிள்ளைக பேரு போர்டுல ஏறிருச்சு, தனிப் பத்தியா, வரைபடமும் பக்கத்துல ஃபிரேம் போட்டு மாட்டியாச்சு.

விட்டுப்போன வருஷங்களுக்குப் பேரு தேடினது பெரிய பாடு. பழைய ரிஜிஸ்டர்ல பாதியைக் கரையான் தின்னுருச்சு. மிச்சத்தை நீங்கதான் வீட்டுல இருந்த மார்க் ஷீட்டை போட்டோ எடுத்து அனுப்பி உதவுனீக. கோட்டையூர் ரோஜா முத்தையா, அவரும் ஆரம்பத்துல சைன்போர்டு எழுதின ஓவியர்தான், வீடு நிறைய பழைய புத்தகமும் நோட்டீசும் சேத்து வச்சதாலதான் 1994ல சென்னையில அவரு பேருல நூலகம் வந்துச்சு. நம்ம பள்ளிக்கூடத்துல கண்ணாடி பீரோ ஒண்ணு வாங்கி இருக்கிற ரிஜிஸ்டரையாவது உள்ள வச்சிருக்கோம், சாவி ஹெச்.எம். கிட்ட. ஹால்ல பாரதியார் படமும் மாட்டியிருக்கு, கம்பு பிடிச்ச படம். சென்னையில எடுத்ததுன்னு ஒருத்தரு கீழ எழுதி ஒட்டிட்டாரு, 1919ல காரைக்குடிக்கு வந்தப்ப எடுத்ததுன்னு எட்டாம் வகுப்புப் பொண்ணு சொல்லி அந்தச் சீட்டைக் கிழிக்க வச்சிருச்சு.

பழைய போர்டுல எழுபதுகள்ல ஒரு வருஷத்துக்கு நேரா பேரே இல்லாம காலியா கிடந்துச்சு. ரிஜிஸ்டர்ல பாத்தா முதல் மார்க் ஒரு பொண்ணு. விசாரிச்சா, மேலத்தெரு ஆச்சி, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சவக, பேர வேணாம்னாக, அதனால இங்க போடலை. வெள்ளிக்கிழமை பேரனோட வந்திருந்தாக. ஏன் ஆச்சி அப்ப எழுதலைன்னு கேட்டேன். "எனக்கு அப்ப கல்யாணம் பேசிட்டாக. போர்டுல பேரு ஏறினா நாலு பேரு நாலு பேச்சு பேசுவாகன்னு எங்க ஐயாதான் வந்து வேணாம்னுட்டுப் போனாக." அவ்வளவுதான் சொன்னாக, கோபமும் இல்லை ஒண்ணுமில்லை. அப்புறம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு போர்டுக்குக் கிட்டக்கப் போயி ரொம்ப நேரம் பாத்தாக. நாங்க எல்லாம் கண்ணு கலங்குவாகன்னு நினைச்சு போன்ல கேமராவை ஆன் பண்ணி நிக்கிறோம்.

"ஏம்ப்பா, இனிஷியல் தப்பா இருக்கு. பரீட்சை எழுதினப்ப எங்க அப்பச்சி (அப்பா) பேருதான். நீங்க எங்க வீட்டுக்காரக பேரைப் போட்டிருக்கீக. அவுக அந்த வருஷம் ஃபெயிலு."

தப்பு குழுவோடதுதான், ரிஜிஸ்டரைப் பாத்து எழுதாம இப்ப கூப்பிடுற பேரை வச்சு எழுதிட்டோம். பெயிண்டர் வியாழக்கிழமை வர்றாரு. உங்க பேருலயும் இனிஷியல் தப்பு இருந்தா அதுக்குள்ள சொல்லிடுங்க, ஒரே கூலியில முடிச்சிரலாம்.