பாயிண்ட் ஹோப் மக்களுக்கு நன்றி

அன்புள்ள பாயிண்ட் ஹோப் ஊர்மக்களுக்கு,

நாங்கள் வீடு திரும்பி மூன்று வாரமாகிறது. உங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பியாயிற்று. ஆனால் அலாஸ்காவின் வடமேற்கு ஓரத்தில், சுக்சி கடலுக்குள் நீட்டிய விரல்போல் கிடக்கும் உங்கள் ஊரில் எங்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பது எங்கள் சனங்களுக்கும் தெரிய வேண்டும் என்றார் அம்மா. அதனால் இது தமிழில்.

வழியில் விமானம் மாறும் ஊரான கோட்ஸிபூவில் மூடுபனியால் இரண்டு நாள் காத்துக் கிடந்தோம். உங்கள் ஊருக்குச் சாலை கிடையாது, சிறு விமானத்தில்தான் வர வேண்டும். வந்து இறங்கினால் பெட்டிகளைக் காணோம். ஜூன் மாதம்தான், ஆனாலும் கடல்காற்று எலும்புவரை குத்தியது. அங்கே நின்றிருந்த ஓர் அக்கா, நாங்கள் யார் என்றுகூடக் கேட்காமல், தன் பார்க்காவை, அதாவது தலைமூடி வைத்த கனத்த குளிரங்கியை, கழற்றி அம்மாவுக்குப் போட்டுவிட்டார். அக்கா, பெட்டி வரும்வரை அம்மா அதைக் கழற்றவே இல்லை.

திமிங்கிலத் திருவிழா விருந்தில் என் பிள்ளைகள் மக்தக்கை, அதாவது திமிங்கிலத் தோலும் கொழுப்புமான அந்தத் துண்டுகளை, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். அம்மா சைவம். அது தெரிந்ததும் ஒரு வீட்டில் உறைபெட்டியைத் திறந்து அக்பிக் என்னும் காட்டுப் பெர்ரிப் பழங்களைக் கிண்ணம் நிறையக் கொடுத்தார்கள். குளிர்காலம் தாண்டியும் காப்பாற்றி வைத்திருந்த பழங்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இனி அந்த ஆட்டம். மர வளையத்தில் திமிங்கில ஈரலின் சவ்வை இழுத்துக் கட்டிய மேளங்களோடு உங்கள் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நீண்ட மெல்லிய குச்சியால் அடிப்பக்கத்திலிருந்து தட்டினார்கள். முதலில் பாட்டு முணுமுணுப்பாக வந்தது. அதே பாட்டு திரும்பி வந்தபோது கூடமே அதிர்ந்தது. தரையிலிருந்து அந்த அடி நெஞ்சுக்கு ஏறியதை இப்போதும் உணர்கிறேன். ஆண்கள் காலை ஓங்கி மிதித்தார்கள். பெண்கள் பாதம் பெயராமல், முழங்கால்கள் மட்டும் மடங்கி நிமிர, கைகளாலேயே கதை சொன்னார்கள்.

எல்லோரும் சேர்ந்து ஆடும் பாட்டு வந்ததும் ஒரு பாட்டி என் மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார். கையுறை போட்டுத்தான் ஆட வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அவள் தயங்கினாள். பாட்டி தன் கையுறைகளைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டார். பெரியவை, விரல்நுனிகள் தொங்கின. அவளுக்குத் தாளம் தப்பியது. பாட்டு முடிந்ததும் பாட்டி மேளக்காரர்களைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து பாடினார்கள். அந்த முறை அவள் தாளத்தைப் பிடித்துவிட்டாள்.

நாங்கள் பார்த்திராத உங்கள் மூத்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1958இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் உங்கள் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் அணுகுண்டுகளை வெடித்துத் துறைமுகம் தோண்டத் திட்டமிட்டது. ஊர்ச்சபை ஒருமனதாக எதிர்த்தது. 1962இல் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் அன்று சரி என்றிருந்தால் அந்த மேளச் சத்தம் எங்கள் காதுக்கு வந்திருக்குமா? திமிங்கில எலும்புகள் வேலியாக நிற்கும் இடுகாட்டின் வெளியே நின்று அம்மா கும்பிட்டது அவர்களைத்தான்.

கையுறைகளைத் திருப்பிக் கொடுத்தபோது பாட்டி வாங்கவில்லை. அவை இப்போது மகளின் மேசைமேல் இருக்கின்றன. அக்பிக் தந்த வீட்டுக்கு ஒரு பொட்டலம் ஏலக்காய் அனுப்பியிருக்கிறோம். தேநீரில் இரண்டு தட்டிப் போட்டால் போதும் என்று அம்மா சொல்லச் சொன்னார்.

உங்கள் மொழியிலேயே மிக்க நன்றி: குயானக்பக்.