மௌனத்தைக் காரணம் காட்டி வழுக்களை மூடாதீர்கள்: கட்டற்ற மென்பொருள் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டற்ற மென்பொருள் திட்டங்களைப் பராமரித்துவரும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலர் ஊதியம் ஏதுமின்றி, அலுவலக வேலை முடிந்த பின் கிடைக்கும் நேரத்தில் உழைப்பவர்கள் என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். எல்லா வழுக்களையும் (மென்பொருள் பிழைகளையும்) தீர்த்துத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. தீராத வழுவைத் தீராதது என்றே பதிவில் விட்டுவையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடைக்கும் 'ஸ்டேல்' என்னும் தானியங்கியை, அதன் இயல்பான அமைப்பில் எதையும் மாற்றாமல் ஒரு திட்டத்தில் சேர்த்தால், 60 நாட்கள் யாரும் எதுவும் எழுதாத டிக்கெட்டின் (பயனர் தெரிவித்த வழுவுக்கான பதிவின்) மீது அது ஒரு லேபிளை ஒட்டுகிறது; அடுத்த 7 நாட்களிலும் பதில் வராவிட்டால் டிக்கெட்டை மூடிவிடுகிறது. இப்படி மூடப்பட்ட பக்கங்களைத் திறந்து பாருங்கள். மேலே பயனர் ஒருவர் பொறுமையாக எழுதிய விவரம், பதிப்பு எண், பிழைச்செய்தி, வழுவை மீண்டும் வரவழைக்கும் படிகள், அதற்குக் கீழே தானியங்கியின் அறிவிப்பு, அதற்குக் கீழே 'இன்னும் இருக்கிறது' என்று பயனரின் ஒற்றை வரி, மறுபடியும் தானியங்கி. பராமரிப்பாளர் ஒருவர் அதைப் படித்ததற்கான சுவடே இருக்காது. மனு கொடுத்தவர் மறுபடி வந்து கேட்கவில்லை என்பதற்காகக் கோப்பை முடித்துவைக்கும் தாலுகா அலுவலகத்தை நாம் எவ்வளவு ஏசுகிறோம்!

சர்வர்களில் மென்பொருட்களை இயக்கி நிர்வகிக்கும் குபெர்நெட்டீஸ் என்ற பெரிய திட்டமும் அப்படித்தானே செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே 90 நாட்கள் அமைதிக்குப் பின் ஒரு லேபிள், மேலும் 30 நாட்களுக்குப் பின் இன்னொன்று, அதற்கடுத்த 30 நாட்களில் மூடுதல் என்பது முறை. ஆனால் மூடக்கூடாத டிக்கெட்டை உறையவைக்கும் கட்டளையும், வழு ஏற்கப்பட்டதா, எவ்வளவு அவசரம் என்பதைக் குறிக்கும் தனித்தனி லேபிள்களும் அங்கே உண்டு. பல சிறு திட்டங்கள் நாட்கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டன.

பட்டியல் நீண்டுவிட்டால் முக்கியமான வழு அதற்குள் புதைந்துபோகும் என்ற உங்கள் கவலை நியாயமானதே. இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் அதுதான் நடந்தது. நினைவகத்தை விடுவித்த பின்னும் பயன்படுத்திவிடக்கூடிய ஒரு வழு 2010-லேயே அதன் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற அதன் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியாகி, ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் நிரலாளர்கள் அந்த நிரலைத் தோண்டத் தொடங்கிய பிறகே அது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கான திருத்தம் அவ்வாண்டு ஜூன் 5 அன்று வந்த 1.0.1எச் பதிப்பில்தான் சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் டிக்கெட்டுகள் தேங்கிக் கிடந்ததைத் திட்டத்தினரே அம்மாத இறுதியில் வெளியிட்ட செயல்திட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். படித்துத் தரம்பிரிக்க ஆளில்லாததே அங்கிருந்த குறை. அந்தக் குறையை எந்தத் தானியங்கியும் தீர்த்திருக்காது. 2010-இன் அந்த டிக்கெட்டை இரண்டே மாதங்களில் கண்ணில் படாமல் செய்திருக்கும், அவ்வளவுதான்.

தரம்பிரிப்பதற்கு நல்ல முன்மாதிரி டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம். அங்கே ஒரு வழுவின் தீவிரத்துக்கு ஏழு நிலைகள் உண்டு. மேலிருக்கும் மூன்றில் ஒன்றில் அமைந்த வழு, புதிய வெளியீட்டுக்கே தடையாகக் கருதப்படுகிறது. டிக்கெட்டின் வயதுக்கு இதில் இடமில்லை. சரிசெய்யப் போவதில்லை என்று பராமரிப்பாளர் முடிவெடுத்தால் அதற்கும் ஒரு குறி உண்டு. வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. கூடுதல் விவரம் கேட்டும் சில மாதங்கள் பதில் வராத வழுவை அவர்களும் மூடுவார்கள்தான். ஆனால் 'வேலை செய்யவில்லை' என்று மொட்டையாக எழுதியவரிடம் எது வேலை செய்யவில்லை என்று ஒரு மனிதர் கேட்ட பிறகு நிகழும் மூடல் அது. கேள்வியே கேட்காமல் பதிலை எதிர்பார்ப்பதற்கும் அதற்கும் வெகுதூரம்.

தீவிரத்தையும் முன்னுரிமையையும் ஒன்றாகக் குழப்பாமல் இருப்பதும் அவசியம். கோப்பையே அழித்துவிடும் வழு, அரிதான ஒரு பழைய கணினியில் மட்டும் வருமானால், தீவிரம் மிகுந்தது என்றாலும் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்கலாம். தீவிரம் வழுவின் தன்மை. முன்னுரிமை உங்கள் நேரத்தைப் பற்றிய முடிவு. இரண்டாவதைப் பயனர்கள் உங்கள் மீது திணிக்க முடியாது, திணிக்கவும் கூடாது.

ஆகவே, உறுதிசெய்யப்பட்ட வழு என்ற லேபிள் உள்ள டிக்கெட்டுகளையாவது தானியங்கியின் பிடியிலிருந்து விலக்குங்கள். அமைப்புக் கோப்பில் அதற்கு ஒரே வரி போதும். திறந்திருக்கும் எண்ணிக்கை கூடித் தெரிவதைப் பற்றிக் கவலை வேண்டாம், எங்களுக்கு அது குறையாகப் படாது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு, மீண்டும் சோதித்துப் பார்க்கவேண்டிய பழைய டிக்கெட்டுகளின் பட்டியலை வெளியிடுங்கள். எங்களைப் போன்ற பயனர்கள் அவற்றைப் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்த்து, வழு இருக்கிறதா இல்லையா என்று அந்தந்த டிக்கெட்டிலேயே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
வழுக்களைப் பதிந்துவரும் பயனர் ஒருவர்