திருவிதாங்கூர் காலத்து நிலப் பதிவேடுகளை மழையிலிருந்து காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தோவாளை வட்ட விவசாயிகள், பொதுமக்கள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், நாகர்கோவில்.

பொருள்: பழைய திருவிதாங்கூர் நிலப் பதிவேடுகள் – ஒழுகும் அறையில் அழிந்துவருவது – உடனடி நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளித்த எங்கள் முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களுக்கு ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஆகவே தங்கள் மேலான கவனத்துக்கு மீண்டும் பணிந்து கொண்டுவருகிறோம்.

1. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்–கொச்சியின் எல்லை ஊர். முப்பந்தல் வழியாகத் தாங்கள் திருநெல்வேலிப் பக்கம் போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கிறீர்கள். மலைக்கும் வட்டக்கோட்டைக்கும் இடையே இருந்த அந்தப் பழைய கோட்டை வரிசையைத்தான் 1809 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. எல்லை போய்விட்டது. அதன் சுமை மட்டும் எங்கள் பத்திரங்களில் இன்னும் இருக்கிறது.

2. கணவாய்க்கு அந்தப் பக்கம் பணகுடி, வள்ளியூர்க்காரர்களின் பழைய கணக்கு சென்னை மாகாணக் கணக்கு. எங்களுடையது மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்கில் எழுதியது. மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பள்ளியாடி மல்லன் சங்கரன் செய்த கண்டெழுத்தில் (நிலக் கணக்கெடுப்பில்) தொடங்கி, 1886 அரசு விளம்பரத்தின்படி நடந்த செட்டில்மென்ட் (நிலவரித் திட்டம்) வரை, இந்த மண்ணின் ஒவ்வொரு துண்டும் யார் கையில் இருந்தது என்பதற்குச் சாட்சி அந்தக் கணக்குகள்தான். 1865-இல் பண்டாரப்பாட்ட நிலத்தை, அதாவது அரசின் குத்தகை நிலத்தை, குடியானவனுக்கே உரிமையாக்கினார்கள். அந்த உரிமையை நிரூபிக்க எங்களுக்கு வேறு கதி இல்லை.

3. இப்போது அந்தப் பதிவேடுகள் கிடக்கும் அறையைப் பற்றி. எந்த அலுவலகம் என்பது முந்தைய மனுக்களில் உள்ளது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூனில் ஒழுகிய அதே இடத்தில் அக்டோபரிலும் ஒழுகுகிறது. இடையில் உலர நேரமே இல்லை. கீழ்த்தட்டில் இருக்கும் கட்டுகளில் கரையான் ஏறிவிட்டது. கொல்லம் 1084-ஆம் ஆண்டுக் (1908–09) கட்டு ஒன்றை ஊழியர் எங்கள் முன்னால் பிரித்தார். மேலட்டை கையோடு வந்தது. உள்ளே பத்துப் பதினைந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாக இருந்தன. நகத்தால் பிரிக்கப் பார்த்தார், ஒரு தாளின் கீழ்ப்பாதி பொடியாகி மேசையில் உதிர்ந்தது. அந்தப் பாதியில் யார் யாருடைய நிலம் இருந்ததோ! அதை இனி எந்த நீதிமன்றமும் எழுதித் தர முடியாது, ஐயா. எங்கள் ஊரில் கணவனை இழந்த ஒரு அம்மாள், மாமனார் காலத்து ஆதாரத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பட்டா மாறுதலுக்கு அலைகிறார். பழைய பதிவேட்டின் நகல் வேண்டும் என்கிறார்கள். நகல் கேட்டால் பக்கம் சிதைந்துவிட்டது என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அதை எழுதித் தாருங்கள் என்றால் எழுதித் தர மாட்டோம் என்கிறார்கள். அந்த அம்மாள் யாரிடம் போவார்? கூரையில் நாலு ஓடு மாற்ற எத்தனை கோப்பு நகர வேண்டும்?

4. பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும் கேரள அரசு அதைக் கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கிறது. மகிழ்ச்சி. ராஜாவின் தரை பளபளக்கட்டும். வரி கட்டிய குடியானவனின் கணக்கும் அதே பாரம்பரியம்தானே? 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டுச் செத்தவர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்றுதான் செத்தார்கள். சேர்ந்து வந்தோம். வரும்போது கொண்டுவந்த ஏடுகளைக் காப்பாற்ற இங்கே ஆள் இல்லையா?

5. பழைய மலையாள எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் முதியவர்கள். அவர்களும் போய்விட்டால் மிஞ்சிய தாள்களும் வீண்.

6. நாங்கள் நிதி கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் அந்தக் கட்டுகளை ஒழுகாத ஓர் அறைக்கு மாற்றுங்கள். இருப்பதை ஸ்கேன் செய்யுங்கள். மலையாளம் தெரிந்த ஒருவரை நியமித்து, சான்றிட்ட நகல் தாருங்கள். சிதைந்த பக்கங்களுக்குச் சிதைந்தது என்று எழுத்தில் தாருங்கள், குடும்பங்கள் வேறு வழியாவது தேடிக்கொள்ளும்.

7. முதலில் மாற்றுங்கள் ஐயா. ஸ்கேன் பிறகு ஆகட்டும், நியமனம் பிறகு ஆகட்டும். மழைக்கு முன் மாற்றுங்கள்.

தாங்களே ஒருமுறை நேரில் வந்து அந்த அறையைப் பார்வையிட்டு ஆவன செய்யுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தோவாளை வட்ட விவசாயிகள், பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல்கள், சிதைந்த பக்கங்களின் புகைப்படங்கள்.