மாணவர் படைச் சீருடை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஓய்வுபெற்ற படைவீரர்களான மூத்த உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கொடிநாள் நிதி திரட்டலும், நவம்பர் நான்காம் ஞாயிறு தேசிய மாணவர் படை (என்.சி.சி.) நாள் நிகழ்ச்சியும் வழக்கம்போல் நடந்தன. அவற்றைத் தவிர இந்த ஆண்டில் செயற்குழுவின் நேரம் பெரும்பாலும் ஒரே பொருளில்தான் சென்றது. மாணவர் படையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு உரிய காலத்தில், பெற்றோரால் தாங்கக்கூடிய விலையில், அளவான சீருடை கிடைக்கச் செய்வது எப்படி என்பதே அது. ஆகவே இந்த அறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது.

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மாணவர் படையில் சேர்வது முழுக்க முழுக்க விருப்பத்தைப் பொறுத்தது. சேர்ந்தவர் பின்னாளில் இராணுவத்தில் பணியாற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் 'ஏ', 'பி', 'சி' சான்றிதழ்த் தேர்வுகளை எழுத அணிவகுப்பு வகுப்புகளில் 75 விழுக்காடு வருகை இருக்க வேண்டும். 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' தரம் பெற்ற பட்டதாரி, எழுத்துத் தேர்வு இன்றியே இராணுவத் தேர்வு வாரிய நேர்காணல் வழியாகச் சென்னை இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் சேர முயலலாம் என்பது இங்குள்ள பலருக்கும் தெரிந்ததே. சீருடை இல்லாததற்காக எந்த ஆசிரியரும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் காக்கி அணிந்த வரிசைக்குப் பக்கத்தில் பள்ளிச் சட்டையோடு நிற்கக் கூசி, அடுத்த வாரம் வராமல் இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அந்த வருகைக் குறைவு இரண்டாம் ஆண்டு முடிவில் சான்றிதழையே பறித்துவிடுகிறது. கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு ஒருவர் படைக்குப் போன ஊர்களைக் கொண்ட நமது வேலூர் மாவட்டத்தில், ஒரு பிள்ளை துணி இல்லாமல் பின்தங்குவதை நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முன்பெல்லாம் சீருடை மொத்தமாகக் கொள்முதல் செய்யப்பட்டு, பட்டாலியன் வழியாகப் பள்ளிக்கு வந்து, பள்ளி அறையிலிருந்து வழங்கப்படும். படிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அளவு பொருந்தாது, பூட்ஸ் யாரோ அணிந்ததாக இருக்கும், என்றாலும் பெற்றோர் கையிலிருந்து பணம் போகாது. 2022 இல் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி சீருடைக்கான படித்தொகை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்தப்படுகிறது. அதற்கெனக் குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லாத கணக்கும் தொடங்கித் தரப்படுகிறது. இது நல்ல மாற்றம் என்றே செயற்குழு கருதுகிறது. பிள்ளை தன் அளவுக்குத் தைத்த உடையை அணிகிறது, உடையும் அதற்கே சொந்தமாகிறது.

சிக்கல் எழுவது கால இடைவெளியில். சேர்க்கை ஜூன், ஜூலையில் நடக்கிறது. பட்டியல் சரிபார்த்து, கணக்கு எண் பதிவேறி, பணம் வந்து சேர்வதற்குள் பல மாதங்கள் ஓடிவிடக்கூடும். அதற்குள் துணியும் பூட்ஸும் கைப்பணத்தில் வாங்கியாக வேண்டும். பெயர்ப் பொருத்தம் இன்னொரு தடை. பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்து நிற்கும்; மூன்றும் ஒரே பிள்ளை என்று கணினி ஏற்பதில்லை. நம் உறுப்பினர்களில் ஓய்வுபெற்ற எழுத்தர்கள் சிலர் சனிக்கிழமைகளில் அமர்ந்து, பெற்றோர் கொண்டுவந்த ஆதார், மாற்றுச் சான்றிதழ், பாஸ்புத்தகம் ஆகியவற்றை ஒப்பிட்டுத் திருத்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஆண்டில் நாம் செய்த பணிகளில் மிகுந்த பலன் தந்தது இதுதான் என்று சொல்வேன்.

சுயநிதி முறையில் மாணவர் படை நடத்தும் பள்ளி, கல்லூரிகளின் நிலை வேறு. அங்கே அரசு நிதி கிடையாது. சீருடை உட்பட எல்லாச் செலவும் நிறுவனத்தின் மீதோ பெற்றோர் மீதோ விழுகிறது. ஒரே மைதானத்தில், ஒரே முகாமில், ஒரே பயிற்சி பெறும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்குப் படி உண்டு, மற்றவருக்கு இல்லை. இதை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை. எனவே சங்கத்தின் உதவி முதலில் இந்தப் பிள்ளைகளுக்குச் செல்ல வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்து, அவ்வாறே நடந்து வருகிறது.

இனி பொருள் கிடைப்பது பற்றி. வேலூர் லாங்கு பஜாரில் காக்கித் துணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைக்குக் கடை, தானுக்குத் தான் (துணிச் சுருளுக்குச் சுருள்) சாயம் வேறுபடுகிறது. கடைக்குள் விளக்கொளியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துண்டுகள், வெயிலில் வரிசையாக நிற்கும்போது ஒன்று மஞ்சளாகவும் ஒன்று பச்சையாகவும் பிரிந்து தெரியும். போலீஸ் காக்கியை மாணவர் படைக் காக்கி என்று நம்பி வாங்கி வந்தவர்களும் உண்டு. ஒரே தானிலிருந்து பள்ளிக்கு மொத்தமாக வாங்குவதே இதற்கு வழி. 58 அங்குல அகலத் துணியில், வளர்ந்த பிள்ளைக்குச் சட்டைக்கு ஏறத்தாழ 1.6 மீட்டரும் கால்சட்டைக்கு 1.2 மீட்டரும் போதும் என்பதால், கணக்கிடுவது கடினமல்ல.

பெல்ட், தொப்பிச் சின்னம், தோள் எழுத்து, தொப்பியில் செருகும் சிவப்பு ஹேக்கிள் எனும் இறகுக் கொத்து ஆகிய சிறு பொருள்கள்தான் உண்மையில் தொல்லை தருபவை. டெல்லி கன்டோன்மென்ட்டில் உள்ள கோபிநாத் பஜார் போன்ற வடநாட்டுச் சந்தைகளிலிருந்து இவை வர வேண்டியிருக்கின்றன. தனித்தனியே தபாலில் வரவழைத்தால் பொருளின் விலையை விடக் கூலி கூடுதலாகிவிடுகிறது. பூட்ஸைப் பற்றிச் சொல்லும்போது மனம் வருந்துகிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோலும் காலணியும் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன; பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரே அதனால் வெளிநாடுகளில் அறியப்பட்டது. இருந்தும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் காலுக்குப் பொருந்தும் சிறிய அளவு டி.எம்.எஸ். (அடிப்பகுதி நேராக வார்த்து இணைத்த) பூட்ஸ் நம் கடைத்தெருவில் எளிதில் கிடைப்பதில்லை. பெரிய அளவை வாங்கி, முனையில் பஞ்சு அடைத்து, அணிவகுப்பு முடிந்து குதிகாலில் கொப்புளத்தோடு வீடு திரும்பும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஆம்பூர்ப் பகுதியில் சிறு பட்டறை வைத்திருப்பவர்களோடு பேசி, நான்கு, ஐந்து எண் அளவுகளில் ஆண்டுக்கொருமுறை மொத்தமாகச் செய்துதரக் கேட்பது வரும் ஆண்டின் முதல் வேலையாக இருக்க வேண்டும். விலை தொடர்பாக ஒரு நல்ல செய்தியும் உண்டு. முன்பு ரூ.1,000 வரையுள்ள காலணிக்கு 12 விழுக்காடும் அதற்கு மேல் 18 விழுக்காடுமாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.2,500 வரை 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. பழைய விலையே சொல்லப்பட்டால், பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தையலில் ஒரு சிறு கவனம் பெரும் செலவை மிச்சப்படுத்துகிறது. பதின்மூன்று வயதில் தைத்த கால்சட்டை பதினான்கில் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். கீழ் மடிப்பில் இரண்டு அங்குலமும் இடுப்புத் தையலில் ஓர் அங்குலமும் விட்டுத் தைக்கும்படி நம் தையற்காரர்களிடம் கேட்டுக்கொண்டோம். மடிப்பைப் பிரித்துவிட்டால், உள்ளே மறைந்திருந்த துணி சாயம் மங்காமல் கருத்த பட்டையாகத் தெரியும்; இரண்டு மூன்று சலவையில் அது ஓரளவு சமனாகிவிடுகிறது, அதைக் குறையாக எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. அதையும் மீறிச் சிறுத்துப்போன உடைகளைப் பெற்றோரிடமிருந்து பெற்று, துவைத்து, பொத்தான் மாற்றி, அளவுச் சீட்டு குத்தி, சங்க அறையில் அடுக்கி வைத்திருக்கிறோம். இதை யாரும் தானமாக நினைக்க வேண்டாம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துச் செல்லலாம்.

ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்ய வேண்டியுள்ளது. நடைபாதைக் கடைகளில் விற்கும் இராணுவப் புள்ளித் துணியில் பிள்ளைக்கு உடை தைத்துவிடும் பெற்றோர் சிலர் இருக்கிறார்கள். படைவீரர் என்று பிறர் நம்பும் நோக்கத்தோடு படைவீரரின் உடையை அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168 ஆம் பிரிவின்படி குற்றம். பிள்ளைகளுக்கு அந்த நோக்கம் இராது என்றாலும், தேவையற்ற செலவும் தேவையற்ற விசாரணையும் எதற்கு? பள்ளி ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

ஜூலை 10 நெருங்குகிறது. 1806 இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்ததற்கு, அவர்கள் மீது திணிக்கப்பட்ட புதிய தலைப்பாகையும், அதில் வைத்த தோல் சின்னமும், நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் விதித்த தடையும் உடனடிக் காரணங்களாயின. அந்த நாளில் மக்கான் சந்திப்பு நினைவுத் தூணுக்கு முன் நமது பிள்ளைகள் அணிவகுத்து நிற்க வேண்டுமென்று எல்லோரும் விரும்புகிறோம். ஆனால் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் படி வராத, துணி தைக்காத காலமும் அதுவே. எனவே பொதுக்குழு இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, படி வந்தபின் பெற்றோர் திருப்பிச் செலுத்தும் வகையில் வட்டியில்லாத சுழல்நிதி ஒன்றை ஏற்படுத்துவது. சுயநிதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைத் தவணையாக மாற்றித் தருவது. இரண்டாவது, துணியையும் சிறு பொருள்களையும் மே மாதத்திலேயே மொத்தமாக வாங்கி வைக்கச் செயற்குழுவுக்கு அதிகாரம் அளிப்பது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். வீட்டில் சிறுத்துப்போன சீருடையும் பெல்ட்டும் பூட்ஸும் வைத்திருப்போர், பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமைக்குள் சங்க அறையில் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொண்டு, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.