காருக்கு அடியில் தனியாகப் போகாதே

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். ஸ்விஃப்ட் காரின் முன்சக்கரங்களைச் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களை வீட்டிலேயே மாற்றப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். என்னிடம் பேசியபோது வண்டி நன்றாக ஓடுகிறது என்றுதானே சொன்னாய்? பட்டறையில் கேட்ட கூலி அதிகமென்றால் என்னிடமே சொல்லியிருக்கலாம். அதைப் பற்றி இப்போது நான் எதுவும் கேட்கவில்லை. வேலையை எப்படிச் செய்வது என்று மட்டும் எழுதுகிறேன்.

முதலில், வண்டியின் முன்பக்கச் சத்தம் புஷ்ஷிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்துகொள். வேகத்தடையில் இறங்கும்போது டொக்கென்ற ஒலி, பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பது, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது, இவையெல்லாம் இருந்தால் புஷ்ஷைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஆர்மின் வெளிமுனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தளர்ந்தாலும் ஏறக்குறைய இதே அறிகுறிகள்தான். ஆர்முக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு லிவரைக் கொடுத்து மெல்ல நெம்பிப் பார். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர், இவ்வளவுதான் புஷ். நல்ல ரப்பர் சிறிது நெகிழ்ந்து பழைய இடத்துக்குத் திரும்பும். கெட்டது இரும்பை விட்டுப் பிரிந்து வாய் பிளந்து நிற்கும். சில புஷ்களில் வேண்டுமென்றே இடைவெளி விட்டு வார்த்திருப்பார்கள், அதைக் கிழிசலென்று எண்ணிவிடாதே. அந்த இடைவெளி எந்தத் திசையில் இருக்கிறதென்று பழையதைக் கழற்றும் முன்பே ஆர்மில் பெயின்ட்டால் குறித்துக்கொள். புதியதும் அதே திசையில் உட்கார வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. சமமான கான்கிரீட் தரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சக்கர நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திய பிறகுதான் தூக்க வேண்டும். தூக்கியதும் இருபுறமும் வண்டியின் எடையைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் வைத்து, உள்ளே போவதற்கு முன் வண்டியைக் கையால் நன்றாக அசைத்துப் பார். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுக்காதே, அவை எச்சரிக்கை தராமல் நொறுங்கும். கழற்றிய சக்கரங்களையும் வண்டிக்கு அடியிலேயே படுக்க வைத்துவிடு. இத்தனையும் செய்தாலும் பக்கத்தில் இன்னொருவர் இருந்தாக வேண்டும். மாப்பிள்ளைக்கு அன்று விடுமுறையா? கொஞ்ச நாளாகவே ஃபோனில் அவர் குரலைக் கேட்கவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அத்தை வீட்டு வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது, அதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதே. வளையம் கோணினால் ஆர்மும் கெடும். ரப்பரை எரித்து வெளியேற்றும் முறையும் வேண்டாம், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. நீண்ட போல்ட், தடித்த வாஷர், பழைய புஷ் உள்ளே நுழையும் அளவுக்கு ஓர் இரும்புக் குழாய்த்துண்டு இருந்தால் நட்டை முறுக்கியே பழையதை இழுத்து எடுத்துவிடலாம். புதியதையும் அப்படியே உள்ளே ஏற்றலாம். இல்லையென்றால் ஆர்மைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் கொடு. பால் ஜாயின்ட்டும் ஆடினால் புஷ்ஷோடு முழு ஆர்மாகவே வாங்கிவிடு, அதில் கணக்குப் பார்க்காதே. ரப்பரில் டீசலோ கிரீஸோ படக் கூடாது. ரப்பர் விளையும் குலசேகரத்தில் வளர்ந்த உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் கொட்டகையில் சிந்திய டீசலில் கிடந்த ஷீட் துண்டு எப்படி ஊதிப் பிசுபிசுத்தது என்று நீயே தொட்டுப் பார்த்திருக்கிறாய்.

இனி நான் சொல்வதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், பட்டறைக்காரர்களும்கூட. ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுவதுமாக இறுக்கிவிடக் கூடாது. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் நின்றுவிடும். அதன் பின் ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுகுவதால்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகியபடி இருக்கும்; புதிய புஷ் சீக்கிரமே கிழிந்துபோகும். ஆகவே தூக்குவதற்கு முன்பே சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள். புஷ் ஏற்றி முடித்ததும், வண்டி ஸ்டாண்டிலேயே இருக்க, ஆர்மின் வெளிமுனையில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை உயர்த்து. ஸ்டாண்டிலிருந்து வண்டி மேலெழும்பப் பார்த்தால் உடனே நிறுத்து. அந்த அளவில் வைத்துத்தான், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சால், மாடலுக்குரிய சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே, இரண்டையும் மாற்று. ஓட்டிப் பார்த்தபின் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

உன்னால் முடியாதென்று நான் நினைக்கவில்லை. ப்ளஸ் டூ விடுமுறையில் அம்பாசடரின் பின் ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ்களை நீயே மாட்டியதை டாக்ஸி ஸ்டாண்டில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்று விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நான் இருந்தேன். இப்போது எதைக் கேட்டாலும் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று ஃபோனை வைத்துவிடுகிறாய். கெட்டிக்காரிகளும் தனியாக வண்டிக்கு அடியில் போகக் கூடாது, மகளே.

அன்று உன்னோடு யார் இருப்பார்கள் என்பதை மட்டும் எழுது. ஒருவரும் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது. ஏன் என்று கேட்க மாட்டேன். போல்ட்டும் குழாய்த்துண்டும் என்னிடமே இருக்கின்றன, எடுத்துக்கொண்டு கன்னியாகுமரி – புனே ரயிலில் ஏறி வந்துவிடுகிறேன். உன் பதில் எனக்குக் கிடைக்கும்வரை எதையும் கழற்றாதே. போல்ட் தலைகளில் மட்டும், ரப்பரில் படாமல், துருநீக்கி எண்ணெய் அடித்து வை.

அன்புடன்,
அப்பா