ஊற்றுக் குகைக்குள் போகும் மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. வடக்கு ஃபுளோரிடாவில் குகை டைவிங் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். ஆரம்ப காலத்தில் அந்த ஊற்றுகளுக்குள் போனவர்கள் எதை வைத்துக்கொண்டு போனார்கள், எப்படித் திரும்பி வந்தார்கள் என்றும் கேட்டிருந்தாய். பயிற்சியில் விதிகளைச் சொல்லித் தருவார்கள். ஒவ்வொரு விதியும் எதனால் வந்தது என்று விரிவாகச் சொல்ல அங்கே நேரம் இருக்காது. காரணம் தெரிந்திருந்தால் இருட்டில் கை தயங்காது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுமையாகப் படிம்மா.

முதலில் கலங்கலைப் பற்றிச் சொல்கிறேன். அந்த ஊற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க ஏறக்குறைய 72 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 22 செல்சியஸ். கண்ணாடி போலத் தெளிவு. அந்தத் தெளிவுதான் ஆளை ஏமாற்றும். சுண்ணாம்புப் பாறையின் தரையில் படிந்த வண்டலைக் காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை கிளப்பிவிட்டால் போதும், முகத்துக்கு முன்னால் நீட்டிய கை தெரியாது. மணல் என்றால் சில நிமிடத்தில் அடங்கும். நைசான சேறு மணிக்கணக்கில் நிற்கும். களிமண் கலங்கினால் நாள் கணக்கு. நீ எதையும் தொடாமல் போனாலும், விடும் மூச்சுக் குமிழி கூரையில் மோதி அங்கே ஒட்டியிருக்கும் தூளை உதிர்க்கும்.

1960-களில் போனவர்கள் இதைப் பட்டுப் பட்டுத்தான் கற்றார்கள். அன்று குகைக்குத் தோதான மிதவைப் பை பலரிடம் இல்லை. கால் அங்குல ரப்பர் உடை ஆழத்தில் நசுங்கி, மிதப்பை இழக்கும். ஆள் கனத்துப் போய், கால் கீழே தொங்க, தரையை உழுதுகொண்டே போவார். அதற்கு அவர்கள் கண்ட வழி, வெளுப்புத் திரவம் வரும் காலி பிளாஸ்டிக் பாட்டில். வாயைக் கீழ்நோக்கி வைத்து இடுப்பிலோ சிலிண்டரிலோ கட்டி, ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி வாய்க்குத் தரும் கருவி) காற்றை அதற்குள் விடுவார்கள். ஒரு காலன் பாட்டில் நிறைந்தால் சுமார் 8 பவுண்டு தூக்கும். மேலே ஏறும்போது காற்று விரிந்தால் கீழ்வாய் வழியாகத் தானே வழிந்துவிடும். ஆனால் உடம்பு சாய்ந்தால் காற்று மொத்தமாகக் கொட்டிப்போகும், அடுத்த நொடி வயிறு சேற்றில். இன்று உன் முதுகிலிருக்கும் மிதவைப் பை அந்தப் பாட்டிலின் வேலையைத்தான் செய்கிறது. அதை வைத்து நீ சாதிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: உடம்பு தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். முழங்கால் மடங்கி, துடுப்பு முதுகை விட உயரத்தில் இருக்கட்டும். தவளை உதை உதைத்தால் தள்ளும் தண்ணீர் பின்னால் போகும், கீழே போகாது. டெவில்ஸ் இயர் ஊற்று மாதிரி நீரோட்டம் பலமாக இருக்கும் இடத்தில் உதைப்பதே வீண். விரல் நுனியால் பாறையைப் பற்றி இழுத்து, வழுக்கிக்கொண்டு போ. சேற்றிலோ நொறுங்கும் பாறையிலோ கை வைக்காதே.

கலங்கல் வந்துவிட்டால் கண் பயன்படாது, கைக்குக் கயிறு வேண்டும். அதிலிருந்துதான் மற்ற எல்லாம்.

1935-இல் இங்கிலாந்தின் வூக்கி ஹோல் குகையில் கிரஹாம் பால்கோம்ப் குழுவினர் செப்புத் தலைக்கவசத்தோடு, வெளியிலிருந்து குழாயில் காற்று வாங்கிக்கொண்டு நடந்து போனார்கள். அப்போது குழாயே வழிகாட்டி. சிலிண்டரைச் சுமந்து நீந்தத் தொடங்கியபோது, கரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இழுப்பைச் சைகையாக எண்ணும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. குகை இரண்டு வளைவு வளைந்தால் கயிறு பாறையில் உரசி, உள்ளே இழுத்தது வெளியே தெரியாது, வெளியே இழுத்தது உள்ளே தெரியாது. அதனால் டைவரே கயிறு சுற்றிய ரீலை உள்ளே கொண்டுபோய், கட்டிக்கொண்டே போகும் முறைக்கு மாறினார்கள். சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின்னல் நைலான், 10 அடிக்கு ஒரு முடிச்சு. முடிச்சை எண்ணினால் தூரம் தெரியும், வரைபடமும் போடலாம்.

முதல் கட்டு திறந்த நீரில், நேரே மேலே ஏறினால் காற்று கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது கட்டு வாசலைத் தாண்டியதும். ஒன்று அவிழ்ந்தாலும் மற்றது நிற்கும். பெரிய ஊற்றுகளில் பொன்னிற நிரந்தரக் கயிறு போட்டிருக்கும், ஆனால் அது வாசலிலேயே தொடங்காது. பயிற்சி இல்லாதவர்கள் அதைப் பார்த்து ஆசைப்பட்டு உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக உள்ளே தள்ளி ஆரம்பிக்கும். இடைப்பட்ட தூரத்துக்கு உன் ரீல்தான். “இந்தக் கொஞ்ச தூரம் தானே, கண்ணுக்குத் தெரிகிறதே” என்று யார் சொன்னாலும் கேட்காதே.

கயிறு போடுவதில் ஒரு பிழையை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். குகை இடப்பக்கம் வளைகிறது என்று வைத்துக்கொள். நீ ரீலைப் பிடித்து அகலமான பாதையிலேயே வளைந்து போகிறாய். பின்னால் கயிறு நேர்வழி தேடி உள்மூலைக்கு நகரும். அந்த மூலையில் தரையோடு தரையாக ஒரு சாண் உயரப் பிளவு இருந்தால் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தெளிந்த நீரில் திரும்பும்போது கண்ணுக்குக் கயிறும் தெரியும், பாதையும் தெரியும், பிரச்சினையே இல்லை. கலங்கிவிட்டால் கை கயிற்றின் பின்னே போகும், தோள் பிளவில் முட்டும். கயிறு கையில் இருந்தும் ஆள் வெளியே வர முடியாத நிலை அது. இதற்குத்தான் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பாறையில் ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றை ஆள் போகும் பாதையிலேயே நிறுத்த வேண்டும். தொய்வு கூடாது, தொய்ந்த கயிறு துடுப்பிலும் வால்விலும் மாட்டும். ரீல் சுழலும்போது ஒரு விரல் அதன் விளிம்பிலேயே இருக்கட்டும். விரலை எடுத்தால் ரீல் வேகமாகச் சுழன்று, கயிறு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும்.

பிரியும் இடத்தில் இன்னொரு ஆபத்து. கயிறு இரண்டாகப் பிரியும் சந்திப்பை இருட்டில் விரல் தொட்டால், இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் இருக்கும். முன்னாட்களில் துணி மாட்டும் கிளிப்பைக் கவ்வவிட்டு அடையாளம் வைத்தார்கள். கிளிப் “இங்கே வந்தேன்” என்று சொல்லுமே தவிர எந்தப் பக்கம் வெளியே என்று சொல்லாது. பிறகு ஒட்டு நாடாவை மடித்து அம்பு வடிவம் செய்தார்கள், அதன்பின் ஃபாரஸ்ட் வில்சன் செய்த பிளாஸ்டிக் அம்பு வந்தது. கூர்முனை எப்போதும் வெளியேறும் திசைக்கு. கண்ணை மூடி விரலால் தடவி முனையைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே பழகிக்கொள்.

இனி காற்று. இதில்தான் உன் முழுக் கவனமும் வேண்டும் கண்ணு.

பழைய சிலிண்டரில் அழுத்தமானி இல்லாமலே பலர் போனார்கள். வால்வுக்குள் ஒரு சுருள்வில் சுமார் 300 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) காற்றைப் பிடித்து வைத்திருக்கும். மூச்சு இழுக்கக் கனமானால் நெம்புகோலை இழுப்பார்கள், மிச்சக் காற்று வரும். திறந்த நீரில் மேலே ஏற அது போதும். குகையில் ஆயிரம் அடி உள்ளே இருப்பவருக்கு அது எந்த மூலைக்கு? போதாததற்கு, குறுகலான இடத்தில் நெம்புகோல் பாறையில் இடித்துத் தானே இறங்கிவிடும். சேமிப்பு இருப்பதாக நம்பிக்கொண்டே அதையும் சுவாசித்துத் தீர்த்திருப்பார்.

மூன்றில் ஒரு பங்கு விதி அதற்குப் பதிலாக வந்தது. ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கூட டைவ் செய்யும் துணைவருக்கு. 3000 பி.எஸ்.ஐ. இருந்தால் 1000 செலவானதும், மானி 2000 காட்டும்போது திரும்ப வேண்டும். 3200 இருந்தால் மூன்றால் சரியாக வகுபடாது. 3000-க்கு இறக்கி வகுத்து, அந்த 1000-ஐ 3200-லிருந்து கழி, 2200-இல் திரும்பு. எப்போதும் கீழ்நோக்கியே இறக்கு. இருவர் போனால் குறைவாக வைத்திருப்பவர் கணக்குதான் இருவருக்கும். சிலிண்டர் அளவு வேறுபட்டால் பி.எஸ்.ஐ.யை ஒப்பிடாதே, கன அடிக்கு மாற்றிவிட்டு ஒப்பிடு.

கன அடியில் ‘72’ என்று பெயர் சொல்லும் அந்தக் காலத்துச் சிலிண்டர் இரண்டையே எடுத்துக்கொள். நிறைந்தால் மொத்தம் சுமார் 142 கன அடி. ஒரு பங்கு 47. மேற்பரப்பில் நிமிடத்துக்கு முக்கால் கன அடி சுவாசிப்பவருக்கு 90 அடி ஆழத்தில் அழுத்தம் 3.7 மடங்கு, செலவு நிமிடத்துக்கு 2.8 கன அடி. 47 கன அடி அங்கே 17 நிமிடம்தான். பயந்துபோன மனிதன் இரண்டு மடங்கு இழுப்பான், 17 நிமிடம் எட்டரை ஆகிவிடும். கலங்கலில் கயிற்றைத் தடவி வரும் வேகமோ பாதிகூட இருக்காது. அதனால் மூன்றில் ஒன்று என்பது எல்லாம் நல்லபடி இருக்கும் நாளுக்கான உச்ச அளவு. துணைவர் புதியவரா, சேறு அதிகமா, ஆறில் ஒன்று செலவானதுமே திரும்பு.

ஊற்று வெளியே தள்ளும் நீர் திரும்பும்போது உன்னைத் தூக்கிக்கொண்டு வரும், அது ஒரு அனுகூலம். ஆனால் ஸுவானி ஆறு பெருக்கெடுத்தால் பீகாக், லிட்டில் ரிவர் போன்ற ஊற்றுகளில் ஆற்று நீர் உள்ளே புகும். தேநீர் நிறத் தண்ணீர் குகைக்குள் இழுத்துக்கொண்டு போகும். அப்போது போவது சுலபம், வருவது நீரோட்டத்துக்கு எதிராக. மூன்றில் ஒரு பங்கு அங்கே பொய்த்துவிடும். ஆற்று மட்டத்தைக் கேட்காமல் காரை எடுக்காதே.

துணைவருக்குக் கொடுக்கும் பங்கு அவர் வாய்க்குப் போய்ச் சேர வேண்டுமே. ஒரே ரெகுலேட்டரை இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கடிப்பதுதான் பழைய முறை. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நுழைய முடிகிற இடுக்கில், கண் தெரியாத கலங்கலில், அது நடக்காத காரியம். அதற்குப் பதிலாக 7 அடி நீளக் குழாய் வழக்கத்துக்கு வந்தது. நீளக் குழாயை வலப்பக்க வால்வில் மாட்டு. முன்னே நீந்தும்போது கூரை உரசினால் இடப்பக்க வால்வுக் குமிழ் மூடும் திசையில் சுழலும், வலப்பக்கம் திறக்கும் திசையில் சுழலும். காரணம் அவ்வளவுதான். உன் வாயில் இருப்பதையே கொடு. அது வேலை செய்கிறது என்று அந்த நொடி உனக்குத் தெரியும். உனக்கான மாற்று, கழுத்தில் ரப்பர் வளையத்தில் தாடைக்கு அடியில் தொங்கும்.

இரட்டைச் சிலிண்டரில் ஆரம்பத்தில் ஒரே வெளிவாய். ரெகுலேட்டர் பழுதானால் இரண்டு சிலிண்டர் காற்றும் கைக்கு எட்டாது. குகை டைவர் ஜார்ஜ் பெஞ்சமின் இரண்டு வெளிவாய் வைத்த இணைப்புக் குழாய்க்கு வழிசெய்தார், பிறகு நடுவில் பிரிப்பு வால்வும் வந்தது. அதில் ஒரு பொறி உண்டு. காற்று நிரப்பியவர் நடு வால்வை மூடியபடி விட்டிருந்தால், நீ வலப்பக்கச் சிலிண்டரைச் சுவாசிப்பாய், மானி இடப்பக்கத்தைக் காட்டும். பத்து நிமிடம் ஆகியும் முள் நகரவில்லை என்றால் சந்தோஷப்படாதே. உடனே கையைப் பின்னால் கொண்டுபோய் நடு வால்வைத் திற, திரும்பு.

வெளிச்சத்துக்கு அந்த நாளில் கார் முகப்பு விளக்குக் குமிழையும் மோட்டார் சைக்கிள் பேட்டரியையும் அக்ரிலிக் பெட்டியில் அடைத்தார்கள். ஒட்டு விட்டால் தண்ணீர் புகும், விளக்கு அணையும். ஒருவருக்கு மூன்று விளக்கு என்ற விதி அதனால். மூன்றில் எது அணைந்தாலும் பயணம் அங்கேயே முடிந்தது.

ஷெக் எக்ஸ்லி என்ற குகை டைவர் 1979-இல் எழுதிய சிறு கையேட்டில் விபத்துகளை ஆராய்ந்து சொன்ன நேரடிக் காரணங்கள் மூன்று: திறந்த நீர் வரை தொடரும் கயிறு இல்லாமை, மூன்றில் இரண்டு பங்கு காற்றைத் திரும்ப ஒதுக்காமை, காற்றை மட்டும் சுவாசித்து அளவுக்கு மீறிய ஆழம் போனது. மூன்றாவதற்கு ஒரு கணக்கு. 1955 முதல் 57 வரை ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் வகுல்லா ஊற்றுக்குள் 240 அடி ஆழத்தில் சாதாரணக் காற்றோடு போய், மாஸ்டோடன் எலும்புகளைப் பார்த்தார்கள். அங்கே மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு (பங்கழுத்தம்) 1.7 வளிமண்டலம். இன்று 1.4-ஐத் தாண்டக் கூடாது என்கிறோம், தாண்டினால் எச்சரிக்கையில்லாமல் வலிப்பு வரலாம். நைட்ரஜன் போதை வேறு. அவர்களது துணிச்சலை மதிக்கிறேன். நீ அதைப் பின்பற்றக் கூடாது.

காற்றின் சுத்தத்தையும் பார். 1946 ஆகஸ்டில் பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றில் டைவிங் முன்னோடிகளான கூஸ்தோவும் துமாவும் மயங்கி, சாவின் விளிம்புவரை போனார்கள். அழுத்தும் இயந்திரம் தன் புகையையே உறிஞ்சி, கார்பன் மோனாக்சைடைச் சிலிண்டரில் நிரப்பியிருந்தது. ஆழம் கூடக் கூட அதன் விஷமும் பெருகும். அதற்கு மணமும் இல்லை, அதனால் மூக்கை நம்பாதே. சோதிக்கும் கருவி சின்னதாகக் கிடைக்கிறது, வாங்கிக்கொள். காசு போதவில்லை என்றால் அப்பாவிடம் கேள்.

புது ரீல் வாங்கியதும் அப்படியே எடுத்துக்கொண்டு போகாதே. கயிறு முழுவதையும் இழுத்து வெளியே போட்டு, ஒரு இரவு நனைத்து, 10 அடிக்கு ஒரு முடிச்சு நீயே போட்டு, ஈரத்தோடு இறுக்கிச் சுற்று. புது நைலான் கயிறு நனைந்தால் அளவு மாறும். காய்ந்த கயிற்றில் போட்ட அளவு தண்ணீருக்குள் பிசகும். தோட்டத்தில் மரத்துக்கு மரம் கட்டி, கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு தடவி வா. பெருவிரலும் சுட்டுவிரலும் கயிற்றைச் சுற்றி வளையமாக இருக்கட்டும், இறுக்கிப் பிடிக்காதே, இழுக்காதே.

முதல் நாள் இறங்குவதற்கு முன் உன் சிலிண்டர் அளவு, நிரப்பிய அழுத்தம், திரும்பும் அழுத்தம் மூன்றையும் எழுதி எனக்கு அனுப்பு. துணைவருடையதும் சேர்த்து. நானும் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா