ஆடிப்பிறப்புப் பாட்டில் ‘தோழர்களே’ எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடிப்பிறப்பை ஒட்டி உங்கள் மாணவர் பக்கத்தில், அந்த நாளில் பிள்ளைகள் கூழும் கொழுக்கட்டையும் உண்டு மகிழ்வதைப் பாடும் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டுக்கு மாதிரி வினா விடை வந்திருந்தது. ‘ஆடி, கூடி எதுகை, ஆடி, ஆனந்தம் மோனை’ என்று இரண்டு வரியில் விடை முடிந்துவிட்டது. சரியான விடைதான், புள்ளியும் கிடைக்கும். ஆனால் தங்கத் தாத்தா என்று அழைக்கப்பட்ட புலவர் 1953 இல் மறைந்த பிறகும் இந்தப் பாட்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் வாயில் நிற்பதற்கு அந்த இரண்டு வரி காரணம் சொல்லாது.

பாட்டு கும்மி மெட்டில் போகிறது. ‘ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை’ நாலு சீர், ‘ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே’ மூன்று சீர். சீருக்கு ஒரு தட்டாகக் கைதட்டிப் பாருங்கள். எட்டாவது தட்டுக்குச் சொல் இருக்காது, ‘ளே’யை நீட்டித்தான் நிரப்ப வேண்டும். அசை பிரிக்கப் பழக்குவதற்கு முன் பிள்ளைகளை இப்படித் தட்டிப் பாட விட்டால் சீர் என்றால் என்னவென்று தானாக விளங்கும்.

அந்த ‘ஏ’ ஓசையைத்தான் வடிவாகக் கவனிக்க வேண்டும். முதற் கண்ணியில், அதாவது முதல் நாலு வரியில், வரி முடிவில் இரண்டு தரம் வருகிறது. சமையல் தொடங்கியதும் வரி முடிவுகளில் காணாமற் போய்விடுகிறது. வறுத்து, குற்றி, இடித்து, தெள்ளி, அவித்து, துருவி, குழைத்து என்று வினையெச்சமாகவே அடுக்கிக்கொண்டு போகிறார் புலவர். வாக்கியம் முடியவே இல்லை, கொழுக்கட்டையும் வரவில்லை. ‘அம்மா அவிப்பாளே’ என்ற இடத்தில்தான் வினைமுற்று வருகிறது, ‘ஏ’யும் திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு படைப்போமே, குடிப்போமே, கடிப்போமே என்று பாட்டு முழுக்க அதே ஓசைதான். அடுப்படியில் பிள்ளைகள் காத்திருக்கும் நேரத்தை இலக்கணத்தாலேயே கட்டியிருக்கிறார். எனக்கு இது பெரிய வித்தையாகப் படுகிறது.

அடுக்கி வரும் சொற்களும் ஓசை நிரப்ப வந்தவை அல்ல. ‘வில்லை வில்லையாக’ என்னும்போது மாவைக் கிள்ளித் தட்டுகிற கை தெரிகிறது. கூழ் குடிக்கும் இடத்தில் ‘அள்ளி அள்ளி’ என்கிறார். மடித்துக் கோலிய பலாவிலையில் கொஞ்சக் கூழ்தான் கொள்ளும், அன்னை அகப்பையால் திரும்பத் திரும்ப வார்க்கத்தான் வேண்டும். பலாவிலையில் கூழ் குடித்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கிண்ணத்தில் குடிக்கிற இன்றைய பிள்ளைக்கு ஆசிரியர் சொல்ல வேண்டும்.

மோனையிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. ‘வாசப் பருப்பை’ என்ற வரிக்கு அடுத்தது ‘மாவை’ என்று தொடங்குகிறது. வகரமும் மகரமும் இனம் என்பதால் அதுவும் மோனைதான். ஒரே எழுத்து வந்தால்தான் மோனை என்று எண்ணும் பிள்ளைகள் இதைத் தவறவிடுவார்கள்.

அடுத்த முறை, ‘தோழர்களே என்பதில் வரும் ஏகார ஓசை நடுவில் ஏன் மறைகிறது?’ என்று ஒரு வினாவைச் சேருங்கள். விடையைப் பக்கத்திலேயே அச்சிட வேண்டாம். பிள்ளைகள் பாடிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மானிப்பாய்.